மாற்றுச் சாவி யாரிடம்? அக்கம்பக்கம் கேள்வி – பதில்

கேள்வி: எனக்கு 48 வயது. இந்தக் குடியிருப்புக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. லிஃப்டில் பார்த்தால் சிரிப்பதோடு சரி. பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது அவர்களை வைத்தே பழக்கம் வந்துவிடும். இப்போது எப்படித் தொடங்குவது?

பதில்: பிள்ளைகள் செய்துகொடுத்தது ஒரே ஒரு வேலைதான். ஒரே ஆட்களை, ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பார்க்க வைத்தார்கள். அந்த ஏற்பாட்டை இனி நீங்கள் செய்துகொள்ள வேண்டும். மாலை நடை ஆறரைக்கு என்றால் தினமும் ஆறரைக்கே, அதே வாசல் வழியாகப் போங்கள். ஃபெஸ்டிங்கர், ஷாக்டர், பேக் ஆகிய மூன்று உளவியலாளர்கள் ஒரு மாணவர் குடியிருப்பை ஆராய்ந்து 1950-இல் வெளியிட்ட நூலின்படி, நட்பு பெரும்பாலும் அடுத்தடுத்த கதவுக்காரர்களிடையேதான் முளைத்தது. படிக்கட்டு எங்கே இருக்கிறது என்பதுகூட அதைத் தீர்மானித்தது.

எட்டு மாதம் போயும் ஒன்றும் நடக்கவில்லையே என்று கவலைப்படாதீர்கள். அறிமுகம் சாதாரண நட்பாக மாறவே ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்து கழிய வேண்டும் என்கிறது ஆய்வாளர் ஜெஃப்ரி ஹாலின் 2018 ஆய்வு. தினம் பத்து நிமிடம் பேசினால் 300 நாள். லிஃப்டில் அரை நிமிடம் எந்த மூலைக்கு!

முதல் அடியாக உதவி செய்யப் போகாதீர்கள், உதவி கேளுங்கள். கேட்காமல் செய்த உதவி அவரைச் சங்கடப்படுத்தும். நீங்கள் ஏணி கேட்டால், நாளை அவரும் கூச்சமில்லாமல் உங்களிடம் ஒன்று கேட்பார். அன்றைக்கே திருப்பித் தரக்கூடிய பொருளாகப் பாருங்கள். துடைத்துக் கொடுங்கள். டிரில்லிங் மெஷின் வாங்கி பிட் உடைந்துபோனால், புது பிட் வாங்கி வைத்தே கொடுங்கள். பணம் மட்டும் கடன் கேட்க வேண்டாம்.

கேள்வி: வீட்டில் நானும் கணவரும்தான். மாற்றுச் சாவியை எதிர்வீட்டில் கொடுத்து வைக்கலாமா?

பதில்: கொடுக்கலாம். ஆனால் கொடுத்த சாவி வேண்டிய நேரத்தில் திறக்காமல் போவதுதான் அடிக்கடி நடக்கிறது. நகலிலிருந்து எடுத்த நகல் மக்கர் செய்யலாம். மூலச் சாவியிலிருந்தே வெட்டச் சொல்லுங்கள். கொடுக்கும் முன் வெளியே நின்று, எதிர்வீட்டுக்காரர் கையாலேயே இரண்டு முறை திறந்து பார்க்கச் செய்யுங்கள். சில பூட்டுகளில் உள்பக்கம் ஒரு சாவி மாட்டியிருந்தால் வெளிச்சாவி நுழையாது. உள்தாழ்ப்பாள் போட்டால் எந்தச் சாவியும் பயனில்லை. தனியாக இருக்கும்போது அதைப் போடாமல் பூட்டை மட்டும் பூட்டிக்கொள்ளுங்கள். சாவி வளையத்தில் கதவு எண்ணையோ பெயரையோ எழுதாதீர்கள். ஒரு நிற நூல் போதும்.

சாவி தவிர, வாய் ஒட்டிய உறை ஒன்றில் ஒரு தாளும் எழுதிக் கொடுங்கள். தண்ணீர் வால்வும் மின்சார மெயின் சுவிட்சும் இருக்கும் இடம், உறவினர் இருவரின் எண்கள், இருவரும் சாப்பிடும் மருந்துகளும் அளவும், ஒவ்வாமை இருந்தால் அது, எழுதிய தேதி. மருந்து மாறினால் தாளும் மாற வேண்டும்.

எப்போது திறக்கலாம் என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்; இல்லாவிட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று வாசலிலேயே தயங்கி நிற்பார்கள். கதவைத் தட்டி, இரண்டு முறை ஃபோன் செய்து, கால் மணி நேரம் பதிலில்லை என்றால் திறக்கலாம். உள்ளே விழுந்த சத்தமோ முனகலோ கேட்டால் அந்தக் கால் மணியும் வேண்டாம். எரிவாயு வாசனை வந்தால் அழைப்பு மணியை அழுத்தவே கூடாது, விளக்கும் போடக் கூடாது. சிறு தீப்பொறி போதும்.

கேள்வி: மேல்வீட்டில் இரவில் நாற்காலி இழுக்கிறார்கள், வாஷிங் மெஷின் அதிர்கிறது. சண்டை வராமல் எப்படிச் சொல்வது?

பதில்: அந்தச் சத்தம் தளத்தின் வழியாகக் கீழே இறங்குவது, அவர்கள் காதில் பெரிதாக விழாது. அதனால் வாதாடிப் பயனில்லை. மறுநாள் பகலில், சத்தம் இல்லாத நேரத்தில் நேரில் போய், ஒரு நிமிடம் கீழே வந்து கேட்கச் சொல்லுங்கள். மேலே ஒருவர் நாற்காலியை இழுக்கட்டும். இந்த ஒன்றே பாதி வேலையை முடித்துவிடும். குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் அப்புறம் அது மானப் பிரச்சினை.

நாற்காலிக் கால்களுக்கு ஒட்டும் கம்பளித் துண்டுகள் கிடைக்கின்றன. காலைத் துடைத்துக் காயவிட்டு ஒட்டாததால்தான் சீக்கிரம் கழன்றுவிடுகின்றன. மாட்டும் ரப்பர் உறை இன்னும் நிலைக்கும். மெஷினில் முதலில் நான்கு பாதங்களும் தரையில் அழுந்துகின்றனவா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்து, பாதத்தின் பூட்டு நட்டை இறுக்க வேண்டும். முன்பக்கக் கதவு மெஷின் என்றால், கொண்டுவரும்போது பின்னால் மாட்டியிருந்த போல்ட்டுகளை எடுத்துவிட்டார்களா என்பதையும் கேளுங்கள். கனமான போர்வை ஒன்றை மட்டும் தனியே போட்டாலும் டிரம் ஒருபக்கம் சாய்ந்து குதிக்கும்.

கேள்வி: எனக்கு 55 வயது. என் டிவி சத்தம் அதிகம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். எனக்கோ வசனமே புரிவதில்லை!

பதில்: இரண்டும் உண்மை. வயதில் முதலில் குறைவது கீச்சென்ற உச்ச சுருதி ஒலிகளைக் கேட்கும் திறன். ‘ச’, ‘ஸ’ போன்றவை மங்கும். சுவரைத் தாண்டிப் போவதோ ‘பேஸ்’ எனும் கனத்த அடி ஒலி. எனவே மொத்த ஒலியைக் கூட்டாமல் பேஸைக் குறைத்து, வசனத்தைத் தெளிவாக்கும் அமைப்பு இருந்தால் அதைப் போடுங்கள். டிவியைப் பொதுச் சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்கு மாற்றுங்கள். காதையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். காதை அடைத்திருக்கும் குறும்பியாகக்கூட இருக்கலாம்.