புது வண்டி பிடிக்கவில்லையா? முதல் சர்வீஸ் முடியும்வரை விற்கும் பேச்சை எடுக்காதீர்கள்

கேள்வி: ஆறு மாதம் விசாரித்து, பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து, போன மாதம் 250 சிசி வண்டி ஒன்று வாங்கினேன். 640 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இதற்கு முன் ஒன்பது வருடம் 125 சிசி வண்டி வைத்திருந்தேன். புதியதில் மூன்றாவது கியரில் 25, 30 வேகத்தில் போனால் திக்கித் திக்கி இழுக்கிறது. 70-ஐத் தாண்டினால் ஹேண்டில்பார் அதிர்கிறது. நெரிசலில் காலில் அனல் அடிக்கிறது, நின்ற இடத்தில் நியூட்ரல் விழுவதில்லை, மைலேஜும் சொன்ன அளவுக்கு இல்லை. தனியாகப் போனால் தூக்கிப் போடுகிறது, மணிக்கட்டு வலிக்கிறது. காலையில் சாவியை எடுக்கவே மனம் வரவில்லை. தப்பு செய்துவிட்டேனா? விற்றுவிடலாமா?

பதில்: இந்த வருத்தத்தை எங்கள் பட்டறையில் அடிக்கடி கேட்கிறேன். இவ்வளவு ஆசைப்பட்டு வாங்கியது கசப்பது சின்ன விஷயம் இல்லை என்பதும் தெரியும். ஆனால் நீங்கள் எழுதியதில் ஏழு குறைகள் இருக்கின்றன, ஏழுக்கும் காரணம் ஒன்று இல்லை. சில குறைகள் வண்டி இன்னும் பழகாததால் வருபவை, சில அதை உங்கள் உடம்புக்கு யாரும் சரிசெய்து தராததால் வருபவை. ஒன்றிரண்டு அந்த வண்டியின் சுபாவம், அவை மாறாது. எது எது என்று பிரித்துப் பார்க்காமல் விற்றால் அடுத்த வண்டியிலும் இதேதான் நடக்கும்.

திக்குவதை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதற்குப் பாதிக் காரணம் உங்கள் பயம் என்று நினைக்கிறேன். ரன்னிங் இன் நேரம், அதாவது புது எஞ்சின் பழகும் காலம், எஞ்சினைக் கஷ்டப்படுத்தக் கூடாது என்று மேல் கியரில் மெதுவாகப் போகிறீர்கள், இல்லையா? அதுதான் எஞ்சினுக்குக் கஷ்டம். உங்களுடையது ஒற்றை சிலிண்டர் என்று வைத்துக்கொள்கிறேன். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் பெட்ரோல் எரிந்து தள்ளும். 2,400 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 2,400 சுற்று என்றால் வினாடிக்கு 40 சுற்று, ஆனால் தள்ளுவது 20 முறைதான், அந்த ஒவ்வொரு தள்ளுக்கும் நடுவில் எஞ்சின் தளர்ந்து தளர்ந்து போகும். அதோடு புதுச் செயின் முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் நீண்டு தொய்ந்திருக்கும், தளர்வும் இழுப்பும் அந்தத் தொய்வில் மாறி மாறி அடிபடுவதைத்தான் நீங்கள் திக்கல் என்று உணர்கிறீர்கள். பழைய 125-இல் இது தெரியாமல் இருந்ததற்குக் காரணம், சின்ன எஞ்சின்களுக்குக் கியர்கள் குட்டையாக இருக்கும், அதே 30 வேகத்தில் அது இன்னும் விறுவிறுப்பாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

அதனால் 30-இல் இரண்டாவது கியருக்கு வாருங்கள், சத்தம் கூடினால் பயப்பட வேண்டாம். கையேட்டில் ரன்னிங் இன் காலத்துக்கு எவ்வளவு ஆர்பிஎம் வரை போகலாம் என்று போட்டிருக்கும், அதற்குள் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள், ஒரே வேகத்தில் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் ஒன்றோடொன்று உரசிப் படிவதற்கு மாறி மாறி வரும் அழுத்தம் வேண்டும். செயின் தொய்வைக் கையேட்டில் சொன்ன அளவுக்குச் சரி செய்யச் சொல்லுங்கள், ஆக்ஸிலரேட்டரைத் திருகும்போது தொடக்கத்தில் வெறுமனே சுற்றும் இடைவெளி இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் அதையும் குறைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் திக்கல் இதிலேயே முக்கால்வாசி போய்விடும்.

அதிர்வு வேறு கதை. 6,000 ஆர்பிஎம்மில் பிஸ்டன் வினாடிக்கு 100 முறை மேலே போய் நின்று திரும்பி, 100 முறை கீழே போய் நின்று திரும்புகிறது. சுற்று இரண்டு மடங்கானால் அது தரும் உதைப்பு நான்கு மடங்காகும். அதைச் சமன்செய்ய எஞ்சினுக்குள் சுற்றும் பேலன்சர் ஷாஃப்ட் அதில் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்ளும், முழுசையும் அல்ல. நீங்கள் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது, தயவுசெய்து காலியான சாலையில் செய்யுங்கள். அதிர்வு வரும் அதே வேகத்தில் ஒரு கியர் மேலே மாற்றுங்கள். அதிர்வு குறைந்தாலோ தன்மை மாறினாலோ அது எஞ்சினிலிருந்து வருகிறது, அந்த ஆர்பிஎம்முக்கு உரிய சுபாவம். கியர் மாற்றியும் அப்படியே இருந்தால் அது சக்கரத்திலிருந்து வருகிறது. டயர், ரிம், வீல் பேலன்ஸ் மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. எஞ்சினிலிருந்துதான் என்றால் எஞ்சின் மவுண்ட் போல்ட்டுகளையும், ஹேண்டில்பார் முனையில் இருக்கும் எடைகளையும் இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் அதிர்வு இன்னும் அதிகமாகக் கைக்குள் ஏறும், இதையும் கவனியுங்கள்.

தனியாகப் போனால் தூக்கிப் போடுகிறது என்று எழுதியதும் எனக்கு முதலில் தோன்றியது டயர் காற்று. நான் சொந்தமாக வாங்கிய ஒரு வண்டியை இரண்டு வாரம் திட்டிக்கொண்டே ஓட்டினேன், கடைசியில் காற்றை அளந்தால் முன்னும் பின்னும் சொன்னதைவிட ரொம்ப அதிகம், டெலிவரிக்கு முன் யாரும் இறக்கிச் சரிபார்க்கவில்லை. டயர் குளிர்ந்திருக்கும்போது, அதாவது காலையில் கிளம்புவதற்கு முன், அளந்து பாருங்கள். தனியாகப் போக ஓர் அளவு, பின்னால் ஆள் ஏறினால் ஓர் அளவு என்று கையேட்டிலோ செயின் கார்டு பக்கத்து ஸ்டிக்கரிலோ இருக்கும்.

காற்று சரியாக இருந்தும் குலுக்கினால் பின் ஷாக் அப்சார்பரின் ப்ரீலோட்டை, அதாவது அதன் ஸ்பிரிங்கை முன்கூட்டியே எவ்வளவு அழுத்தி வைத்திருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். பல வண்டிகளில் படிப்படியாகத் திருகி மாற்றலாம். தொழிற்சாலையில் ஏதோ ஒரு சராசரி எடைக்கு வைத்து அனுப்புகிறார்கள், உங்கள் எடை அவர்களுக்குத் தெரியாது. நீங்கள் வழக்கமான ஹெல்மெட், பை எல்லாவற்றோடும் உட்காரும்போது பின்பக்கம், அதன் மொத்த அசைவில் கால்பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இறங்க வேண்டும். ஒருவர் வண்டியைப் பிடிக்க இன்னொருவர் அளவு நாடாவால் அளந்தால் போதும். அவ்வளவு இறங்கவில்லை என்றால் ப்ரீலோட்டை ஒரு படி குறையுங்கள், ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். நூறு பேரில் ஐந்து பேர்கூட இதைச் செய்வதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது, எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு, வண்டியின் குணமே மாறிப்போகிற ஒரு வேலை இது.

மணிக்கட்டுக்கு வருவோம். வழக்கம்போல உட்கார்ந்து விரல்களை நீட்டி கிளட்ச், ப்ரேக் லிவர்கள் மேல் வையுங்கள். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரே நேர்கோடாக இருக்க வேண்டும். மணிக்கட்டு மேல்பக்கமாக மடிந்தால் லிவர் உயரத்தில் இருக்கிறது, கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்திக் கீழே சாய்த்துவிட்டுத் திரும்ப இறுக்க வேண்டும், சில நிமிட வேலை. அப்புறம், உடம்பின் பாரத்தைக் கையில் போடாதீர்கள். முட்டியால் டேங்கை லேசாக அணைத்து, வயிற்றை இறுக்கி உட்கார்ந்தால் கைகள் தளர்ந்திருக்கும். பழைய வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்த முதுகுக்கு இது புதிது, பழகச் சில வாரம் பிடிக்கும்.

நியூட்ரல் விழாததற்குக் காரணம், கிளட்ச் முழுசாகப் பிரியாமல் கொஞ்சம் இழுத்துக்கொண்டே இருப்பது. கேபிள் கிளட்ச் என்றால் லிவரின் ஃப்ரீ ப்ளே, அதாவது கிளட்சை இழுக்கத் தொடங்கும் முன் லிவர் வெறுமனே நகரும் தூரம், அதிகமாகியிருக்கும், புதுக் கேபிள் படியும்போது அப்படி ஆகும். அதைச் சரி செய்யுங்கள். வண்டி முழுசாக நிற்பதற்குள், மெல்ல உருண்டுகொண்டிருக்கும்போதே இரண்டாவதிலிருந்து நியூட்ரலுக்குத் தட்டிவிடுங்கள். முதல் சர்வீஸில் ஆயில் மாற்றியதும் கியர் இன்னும் இளகும்.

மைலேஜைப் பற்றி இப்போதே முடிவு கட்ட வேண்டாம். டிஸ்ப்ளேயில் காட்டும் எண்ணை விட்டுவிடுங்கள், டேங்க் நிரப்பி, ஓட்டி, மறுபடி அதே அளவுக்கு நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுங்கள், மூன்று முறை செய்து சராசரி எடுங்கள், அதுவும் முதல் சர்வீஸுக்கு அப்புறம். விளம்பரத்தில் சொல்வது குறிப்பிட்ட சோதனை நிலையில் வந்த எண், நெரிசலில் அது வராது. 125-இன் மைலேஜும் இந்த வண்டியில் ஒருநாளும் வராது.

சூடு மட்டும் பெரிதாகக் குறையும் என்று சொல்ல மாட்டேன். புது எஞ்சினின் உராய்வு குறையும்போது கொஞ்சம் தணியலாம், அவ்வளவுதான். ரேடியேட்டர் உள்ள வண்டியில் ஃபேன் ஓடி அனல் காலில் அடிக்கிறது என்றால் அது தன் வேலையைச் செய்கிறது. தினமும் ஒரு மணி நேரம் நெரிசலில் ஊர்வதுதான் உங்கள் ஓட்டம் என்றால் இதை நேர்மையாக எடைபோடுங்கள். வெப்ப எச்சரிக்கை விளக்கு எரிந்தால் மட்டும் உடனே ஓரம் கட்டி நிறுத்தி எஞ்சினை அணையுங்கள்.

சரி, எப்போது இது உண்மையான பழுது? ஆயில் கசிவு, நீலப் புகை, எஞ்சின் விளக்கு அணையாமல் எரிவது, ப்ரேக் லிவர் பஞ்சு போல அமுங்குவது, நேர்சாலையில் வண்டி ஒரு பக்கம் இழுப்பது, ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது கியர் தானாகக் கழன்று விழுவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் பழகிவிடும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், முதல் சர்வீஸ் வரைக்கும் காத்திருக்காதீர்கள். எந்த வேகத்தில், எந்த கியரில், எஞ்சின் சூடாக இருந்தபோதா குளிர்ந்திருந்தபோதா என்று எழுதிக் கொடுத்து, சர்வீஸ் சென்டர் எழுதும் வேலைச் சீட்டான ஜாப் கார்டில் உங்கள் வார்த்தைகளிலேயே பதியச் சொல்லி, நகல் வாங்கிக்கொள்ளுங்கள். மெக்கானிக்கைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டிக் காட்டுவது இன்னும் நல்லது. வாரண்டி பேச்சு வரும்போது அந்தக் காகிதம்தான் பேசும்.

இந்த மனநிலையில் பலர் செய்வது, வண்டியைப் பிடித்துப்போக வைக்க சைலன்சரை மாற்றுவது, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவில் கை வைப்பது. வேண்டாம். குறை அப்படியே இருக்கும், வாரண்டி கேள்விக்குள்ளாகும்.

மனசு விஷயம் ஒன்றும் இருக்கிறது. ஒன்பது வருடத்தில் பழைய வண்டி உங்கள் கைகாலாகவே ஆகிவிட்டது, அதன் கிளட்ச் எங்கே பிடிக்கும் என்று நீங்கள் யோசித்ததே இல்லை. இதிலோ ஒவ்வொன்றையும் யோசித்துச் செய்கிறீர்கள், அந்தக் களைப்பை வண்டியின் குறையாகவே எடுத்துக்கொள்கிறீர்கள். இந்த 640-இல் நெரிசல் இல்லாமல் ஓட்டியது எவ்வளவு? ஒரு விடுமுறை நாளில் விடியற்காலையில் கிளம்பி, எங்கும் போய்ச் சேர வேண்டிய அவசரம் இல்லாமல் 100 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள். வாங்காமல் விட்ட மற்ற வண்டிகளின் வீடியோக்களை ஒரு மாதம் பார்க்காதீர்கள்.

காற்று, ப்ரீலோட், லிவர், செயின், கிளட்ச் எல்லாவற்றையும் இந்த வாரமே சரி செய்து, முதல் சர்வீஸை முடித்து, 1,500 கிலோமீட்டர் வரை ஓட்டுங்கள். திக்கலும் நியூட்ரலும் அதற்குள் மறந்துபோகும் என்று நம்புகிறேன். அப்போதும் மணிக்கட்டு வலித்தால், கால் தரையில் நிம்மதியாக ஊன்றாவிட்டால், அல்லது தினசரி நெரிசலில் அந்த அனலை உங்களால் தாங்க முடியாவிட்டால் விற்றுவிடுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. அடுத்ததை வாங்கும் முன் அதே வண்டி வைத்திருக்கும் ஒருவரிடம் கேட்டு, நீங்கள் தினமும் போகும் வழியில், தினமும் போகும் நேரத்தில், ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள்.