உயரம் பற்றி ஒரு பதில்

கேள்வி: தோட்டப் பாடசாலை ஆசிரியராகத் தொடங்கி, மக்கள் பிரதிநிதியாகி, இன்று ஒரு கம்பனியின் பணிப்பாளராக உயர்ந்திருப்பவரின் வாழ்க்கையை எங்கள் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாகச் சொல்லலாமா? (வாசகி ஒருவர், பொகவந்தலாவை)

பதில்: ‘உயர்ந்திருப்பவர்’ என்ற சொல்லைக் கடந்து என்னால் அப்பால் போக முடியவில்லை. மலைநாட்டில் பிறந்தவர்களிடம் உயரத்தைப் பற்றிக் கொஞ்சம் அளந்துதான் பேச வேண்டும் அம்மா. நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால், அங்கே குனிந்து லீக்ஸ் பிடுங்குகிறவர்கூட, கொழும்பில் மாடிக் கட்டடத்தின் உச்சியில் பணிப்பாளர் சபைக் கூட்டம் நடத்துகிறவரைவிட உயர்ந்தவர்தாம். தேயிலைத் தோட்டத்துக்குள் வந்தால் கணக்கு மாறிவிடும்: துரையின் பங்களா மேட்டில், தொழிலாளரின் வரிசை வீடுகளான லயம் பள்ளத்தில், பாடசாலை பெரும்பாலும் லயத்தை ஒட்டி. பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறுவதையே முன்னேற்றம் என்று எண்ணிப் பழகிவிட்டதால், நீங்களும் ஆசிரியரைக் கீழ்ப்படியில் நிறுத்திவிட்டுக் கேள்வியைத் தொடங்கியிருக்கிறீர்கள்.

கூட்டல் கழித்தலை ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்த மாஸ்டரைத் தோட்ட நிர்வாகிகளான துரைமார் ஏன் விரும்பவில்லை என்பதை யோசித்துப் பாருங்கள். அவரிடம் படித்த பிள்ளை, மாலையில் அம்மாவின் கொழுந்துக் கணக்கைத் தானே கூட்டிப் பார்த்து, சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கழித்த கிலோக்கள் எங்கே போயின, அதனால் ஏன் அரைப் பேர் (அரைநாள் சம்பளம்) விழுந்தது என்று கேட்டுவிடும். (தராசைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்த இதழ் போதாது என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும்; நிறுத்திக்கொள்கிறேன்.)

சிறிது காலம் ஆசிரியராக இருந்த சி.வி. வேலுப்பிள்ளை 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்றார். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. அவருக்கு வாக்களித்த தோட்ட மக்களில் பெரும்பாலோர் நாடற்றவர்களாகி, வாக்குரிமையையும் இழந்தனர். ஏணியே பிடுங்கப்பட்ட பின்னர் அவர் தொழிற்சங்கத்திலும் எழுத்திலும் நின்று, லயத்து மக்களின் பாடல்களைத் தொகுத்தார். உங்கள் கணக்கில் இது உயர்வா, இறக்கமா?

வியாபாரம் என்றதும் தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யர் நினைவுக்கு வருகிறார். வெளியாள் தோட்டத்துக்குள் நுழைந்தால் குற்றம் என்றிருந்த காலத்தில், புடவை வியாபாரி வேடத்தில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு லயம் லயமாகச் சென்று தொழிலாளரிடம் உரிமையைப் பற்றிப் பேசியவர் அவர். வியாபாரி வேடமிட்டு அரசியல் செய்த அந்த மனிதருக்குப் பின்னர், அரசியல்வாதி வேடமிட்டு வியாபாரம் செய்யும் வித்தையை நம்மவர்கள் எப்படி இவ்வளவு விரைவாகக் கற்றார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்புத்தான். நடேசய்யரின் மூட்டையில் நாலு சேலையாவது இருந்திருக்கும்.

ஆசிரியர் வேலையை விட்டதற்காக உங்கள் மனிதரை நான் குறை சொல்லமாட்டேன். தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்களாக நியமிக்கப்பட்ட இளைஞர்களுக்கு மாதம் 6,000 ரூபாயைக் கொடுப்பனவாக நீட்டிய நாடு இது. கம்பனியில் சேர்ந்ததும் குற்றமில்லை. ஆனால் 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளின் கைக்குப் போனதிலிருந்து, சம்பளப் பேச்சுவார்த்தை என்றால் மேசைக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. அவருடைய கம்பனி தேயிலைக் கம்பனியா என்பதை நீங்கள் எழுதவில்லை. தேயிலைக் கம்பனிதான் என்றால், கடைசிப் பேச்சுவார்த்தையன்று அவர் எந்தப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருந்தார், தாம் கற்பித்த பிள்ளைகளின் தாய்மார் கேட்ட தொகையைக் கண்டு என்ன சொன்னார் என்பதை விசாரித்து எழுதுங்கள். பிள்ளைகளிடம் சொல்லலாமா என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.