பவுச்சுக்கு விலக்கு, பாட்டிலுக்கு இல்லை

கேள்வி: குளியல் பொடியும் கூந்தல் தைலமும் தயாரித்து, பதிவு செய்த எங்கள் வணிகப் பெயரில் தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்கிறோம். ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடி ரூபாய். குறு, சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு இருக்கிறது. பொடிக்கான பிளாஸ்டிக் பவுச்சை உள்ளூரில் வாங்குகிறோம். தைலத்துக்கான காலி பம்ப் பாட்டில்களை மட்டும் இரண்டு ஆண்டுகளாகச் சீனாவிலிருந்து நாங்களே இறக்குமதி செய்கிறோம். 'ஈ.பி.ஆர். சான்றிதழ் இல்லையென்றால் சீல் வைத்துவிடுவார்கள். எண்பதாயிரம் கொடுத்தால் வாங்கித் தருகிறேன்' என்கிறார் ஓர் ஆலோசகர். கொடுக்கலாமா?
- வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: கொடுக்காதீர்கள். அதற்காக அவர் சொன்னது முழுக்கப் பொய் என்றும் நினைத்துவிடாதீர்கள்.

பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் 2016இல் வந்தன. பேக்கேஜிங் குப்பையைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்விக்கும் கடமையை விரிவாக வரையறுத்த வழிகாட்டுதல், 2022 பிப்ரவரியில் அவற்றோடு சேர்க்கப்பட்டது. ஈ.பி.ஆர். (உற்பத்தியாளரின் நீட்டிக்கப்பட்ட பொறுப்பு) என்பது இந்தக் கடமைதான். பேக்கேஜிங் தயாரிப்பவர், இறக்குமதி செய்பவர், தம் பிராண்டில் பொருள் விற்பவர் ஆகிய மூவர் மீதும் அது விழுகிறது.

பவுச்சைப் பொறுத்தவரை நீங்கள் பிராண்ட் உரிமையாளர். குறு, சிறு நிறுவனமாக உள்ள பிராண்ட் உரிமையாளருக்கு விலக்கு உண்டு. 2025 ஏப்ரல் முதல், முதலீடு இரண்டரைக் கோடிக்குள்ளும் விற்றுமுதல் 10 கோடிக்குள்ளும் இருந்தால் குறு நிறுவனம். விற்றுமுதலில் நீங்கள் அந்த வரம்புக்கு வெகு கீழே இருக்கிறீர்கள். பவுச் தருபவரிடம் அவருடைய ஈ.பி.ஆர். பதிவெண்ணைக் கேட்டு வாங்கி, பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள். தர மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

சிக்கல் பாட்டிலில் இருக்கிறது. அந்த விலக்கு பிராண்ட் உரிமையாளருக்கு மட்டுமே எழுதப்பட்டது. இறக்குமதியாளர் சிறியவரா பெரியவரா என்று விதி பார்ப்பதில்லை. காலி பாட்டிலும் பேக்கேஜிங்தான். எனவே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் இறக்குமதியாளராகப் பதிய வேண்டும். ஒன்றிரண்டு மாநிலங்களில் மட்டும் இயங்குபவருக்குப் பதிவு தருவது மாநில வாரியம். கடந்த இரண்டு நிதியாண்டுகளில் தருவித்த பிளாஸ்டிக்கின் சராசரி எடையே உங்கள் பொறுப்பின் அளவு. விதிகள் பிரிக்கும் பிளாஸ்டிக் வகைகளில் கெட்டியான பாட்டில் முதல் வகையில் வரும். 2025-26இல் அதில் குறைந்தது 60 சதவீதம் மறுசுழற்சிக்குப் போயிருக்க வேண்டும். ஆண்டுக் கணக்கை ஜூன் 30க்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

மறுசுழற்சி நடந்ததற்கான சான்றிதழ் ஆலோசகரின் கைப்பையில் இருக்கும் பொருளல்ல. பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் அதே இணையதளத்தில் உருவாக்க, அங்கேயே உங்கள் கணக்குக்கு மாற வேண்டும். இணையதளத்துக்குள்ளேயே லட்சக்கணக்கில் போலிச் சான்றுகள் பிடிபட்ட கதை உண்டு. வெளியே கைமாறும் காகிதத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

விட்டுவிட்டால், நிறைவேற்றாத அளவுக்குச் சுற்றுச்சூழல் இழப்பீடு விதிப்பார்கள். அதைக் கட்டினாலும் கடமை தீராது. மூன்று ஆண்டுகள் வரை தொடர்ந்து வரும். இது தவிர, சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தின்கீழ் 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை அபராதமும் விதிக்க இடமிருக்கிறது.

பழைய இறக்குமதியை மறைத்துப் பதியலாமா என்று அடுத்து கேட்பீர்கள், பலரும் கேட்கிறார்கள். சுங்கத்துறையிடம் உங்கள் பெயரில் பில் ஆஃப் என்ட்ரி, அதாவது இறக்குமதிக்கான ஆவணம், இருக்கிறது. உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.