வேலிகாத்தான் முள்ளு குத்தினா தேதியைக் குறிச்சு வைங்க

மழைக்கு முன்னாடி கொசஸ்தலை ஆத்தங்கரை, பக்கிங்காம் கால்வாய் ஓரம், மணலி பக்கத்துக் காலி மனைன்னு எல்லா இடத்துலயும் வேலிகாத்தான், அதான் சீமைக் கருவேல மரம், வெட்டு நடக்குது. முள் காயம் பத்தி நிறைய பேர் கேட்டிருக்கீங்க. கேள்வியையும் பதிலையும் சேர்த்தே போடறேன். ஒண்ணை மட்டும் முதல்ல சொல்லிடறேன்: முள் காயத்தை ஓட்டையோட அளவை வெச்சு எடை போடாதீங்க. குத்தின தேதியை வெச்சுப் பாருங்க. ரெண்டாம் நாள் வீங்கறது ஒரு வியாதி, மூணாம் வாரம் வீங்கறது வேற வியாதி. மருந்தும் வேற.

எண்ணூர், மரம் வெட்டுபவர்: அண்ணா, மத்த முள்ளு குத்தினா எடுத்துப் போட்டுட்டு வேலையைப் பார்ப்போம். வேலிகாத்தான் மட்டும் ராத்திரி பூரா கடுக்குதே, விஷமா?

பாம்பு விஷம் மாதிரி நினைக்க வேணாம் தம்பி. முள்ளு நீளம், அதான் முதல் காரணம். இளங்கிளையில 5 செ.மீ. வரைக்கும்கூட வளரும். அந்த நீளத்துக்கு விரல்ல எலும்பு, மூட்டு, நரம்பு எல்லாமே எட்டற தூரம்தான். ரெண்டாவது, மரத்தோட நாரும் பட்டையும் சதைக்குள்ள இருந்தா கிருமியே இல்லாட்டியும் உடம்பு அதை எதிர்த்து வீங்கும்.

கடுப்பு 2 நாள்ல படிப்படியா இறங்கினா பயமில்லை. இறங்கின வலி திரும்ப ஏறினாத்தான் கவனிக்கணும்.

பிடுங்கின முள்ளைத் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி வெளிச்சத்துல அதோட நுனியைப் பாருங்க. முழு முள்ளுன்னா ஊசி மாதிரி கூரா, வழவழன்னு முடியும். நுனி மொட்டையா இருந்து வெள்ளையா நார் தெரிஞ்சா மீதி உள்ளே நிக்குதுன்னு அர்த்தம். அதே கிளையில இன்னொரு முள்ளை ஒடிச்சுப் பக்கத்துல வெச்சு நீளத்தைப் பாருங்க. ரெண்டையும் காகிதத்துல மடிச்சு டாக்டர்கிட்ட காட்டினா எவ்வளவு ஆழத்துல தேடணும்னு அவருக்குப் புரியும்.

கொடுங்கையூர், இல்லத்தரசி: வீட்டுக்காரர் வந்ததும் தாலிக் கயித்துல இருக்கிற ஊக்கை எடுத்து நோண்டி எடுத்துடுவேன். மேல எருக்கம்பால் வைப்போம். இது சரியாங்க?

அக்கா, ரெண்டையும் விட்டுடுங்க. கயித்து ஊக்குல வேர்வை, மஞ்சள், அழுக்கு எல்லாம் ஏறியிருக்கும். நம்ம தோல்லயே வாழற ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமியும் அதுல இருக்கும். முள்ளு போட்ட ஓட்டைக்குள்ள அதை நாமளே கொண்டு போய் விடற மாதிரி ஆகுது. எருக்கம்பால் தோலைப் புண்ணாக்கும், கொப்புளம் கிளப்பும். அதைவிட, அந்தப் பால் பட்ட விரலால கண்ணைத் தேய்ச்சா கருவிழியே மங்கிப் போகும். சாணி, அடுப்புச் சாம்பல், சுண்ணாம்பு எதுவும் வேணாம். சாணியில ரணஜன்னிக் (டெட்டனஸ்) கிருமியோட வித்து இருக்கும்.

வீட்டுல செய்ய வேண்டியது இதுதான். முதல்ல உங்க கையை சோப்புப் போட்டுக் கழுவுங்க. காயத்தை ஓடற தண்ணியில சோப்போட 5 நிமிஷமாவது கழுவுங்க. குடத்துத் தண்ணியா இருந்தா ஒருத்தர் ஊத்த, ஒருத்தர் கழுவணும். ரொம்ப நேரம் ஊற வைக்காதீங்க, மரத்துண்டு தண்ணியில உப்பி நொறுங்கிடும். முள்ளோட தலை வெளியே தெரிஞ்சா, ஸ்பிரிட்ல துடைச்ச சாமணத்தால கிட்டத்துல பிடிச்சு, குத்தின சாய்வுலயே நேரா இழுங்க. அகலவாட்டுல அசைச்சா நுனி உடையும். தோலுக்கு அடியிலேயே கறுப்பா படுத்திருந்தா, மெடிக்கல்ல 2, 3 ரூபாய்க்குக் கிடைக்கிற புது ஊசியால மேல் தோலை மட்டும் கீறி விட்டு எடுக்கலாம். ரத்தம் வர்ற ஆழத்துக்குப் போக வேண்டியிருந்தா அங்கேயே நிறுத்திடுங்க.

எடுத்த பிறகு அழுத்திப் பிதுக்காதீங்க. ஹைட்ரஜன் பெராக்சைடை ஓட்டைக்குள்ள விட வேணாம், சதையைத்தான் கெடுக்கும். போவிடோன் அயோடினைச் சுத்தி தடவுனா போதும். பிளாஸ்டரை இறுக்கி ஒட்டாம, தூசி படாத அளவுக்குத் துணி சுத்துங்க. ஓட்டை மேல சீக்கிரம் மூடி உள்ள சீழ் கட்டறதுதான் முள் காயத்தோட பெரிய பிரச்சினையே.

திருவொற்றியூர், ஒப்பந்தக்காரர்: ஆளுங்களுக்கு 6 மாசத்துக்கு ஒரு டி.டி. ஊசி, அதான் ரணஜன்னி தடுப்பூசி, போட்டு விடறேன். போதுமா சார்?

அதிகம் சார். நல்ல எண்ணத்துல செய்யறீங்க, ஆனா 6 மாசக் கணக்கு தப்பு. அடிக்கடி போட்டா ஊசி போட்ட கை வீங்கி வலிக்கும், கூடுதலா பாதுகாப்பு ஒண்ணும் வராது.

ஒருத்தர் வாழ்நாள்ல குறைஞ்சது 3 ஊசி முறையா போட்டிருந்தா, மண் பட்ட முள் காயத்துக்குப் பார்க்க வேண்டியது ஒண்ணுதான்: கடைசி ஊசி போட்டு 5 வருஷம் தாண்டிடுச்சா? தாண்டலைன்னா வேணாம், தாண்டியிருந்தா ஒண்ணு போடணும். சின்ன வயசுல போட்டாங்களான்னே தெரியாதவங்கதான் உங்க ஆளுங்கள்ல நிறைய இருப்பாங்க. அவங்களுக்கு இப்ப ஒண்ணு, 4 வாரம் கழிச்சு ஒண்ணு, அதுக்கப்புறம் 6 மாசத்துல இருந்து 12 மாசத்துக்குள்ள ஒண்ணு. இந்த மூணும் முடியாத ஆளுக்கு ஆழமா, மண்ணோட குத்தியிருந்தா தடுப்பூசி மட்டும் போதாது. ரணஜன்னி இம்யூனோகுளோபுலின் 250 யூனிட் தனி இடத்துல சேர்த்துப் போடணும். தடுப்பூசி வேலை செய்ய நாளாகும், இம்யூனோகுளோபுலின் அன்னைக்கே காக்கும்.

இப்ப போடற ஊசி பழைய டி.டி. (TT) இல்லை, Td. பேர் கேட்க ஒண்ணு மாதிரியே இருக்கும், ஆனா ரணஜன்னியோட தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்துக் காக்கும். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துலயே கேளுங்க. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு அட்டை போட்டுத் தேதி எழுதி வைங்க.

ரணஜன்னி பெரும்பாலும் குத்தின 3 நாள்ல இருந்து 21 நாளுக்குள்ள வெளிப்படும். அதுக்குள்ள காயம் ஆறியே போயிருக்கலாம். வாயைத் திறக்க முடியலை, சோறு மெல்லும்போது தாடை பிடிக்குது, கழுத்து முதுகு விறைக்குதுன்னு சொன்னா பல் டாக்டர்கிட்ட போய் நேரத்தை விடாதீங்க. நேரா பெரிய ஆஸ்பத்திரி.

அதே ஒப்பந்தக்காரர்: கையுறை கொடுத்தும் குத்துதே?

புள்ளி வெச்ச நூல் கையுறை கொடுத்திருப்பீங்க. முள்ளு அதுல நூல் இடுக்குல புகுந்துடும். வெல்டிங் வேலைக்குப் போடற, முழங்கை வரைக்கும் வர்ற தோல் கையுறை வேணும். பாரிமுனை ஹார்டுவேர் கடைங்கள்ல கிடைக்கும். அதையும் முள்ளுக் கிளையைக் கையால அள்ளறதுக்கு நம்ப வேணாம். கவைக்கம்பால அழுத்தி, தொரட்டியால இழுத்து, வெட்டின கிளையைக் கவையாலயே தள்ளிக் குவிக்கிற பழைய முறைதான் இன்னைக்கும் நல்லது.

காலுக்கு ரப்பர் செருப்பு கூடவே கூடாது. கம்பூட்டும் தண்ணிக்குத்தான், அடிப்பக்கம் முள்ளு ஏறும். அடிப்பாகத்துல இரும்புத் தகடு வெச்ச சேஃப்டி ஷூ வாங்குங்க. முன்பக்கம் மட்டும் இரும்பு இருக்கிறதைக் காட்டி விற்பாங்க, உள்ளங்கால்ல தகடு இருக்கான்னு கேட்டு வாங்கணும். செருப்பைத் துளைச்சு ஏறின முள்ளுல தனி ஆபத்து ஒண்ணு இருக்கு. செருப்பு நுரையில ஈரத்துல வளர்ற சூடோமோனாஸ் கிருமி கூடவே போய் எலும்பு வரைக்கும் சீழ் வைக்கும். உள்ளங்கால் காயம் ஒரு வாரம் கழிச்சும் ஊன்ற விடலைன்னா மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டுத் தள்ளிப் போடாதீங்க.

வியாசர்பாடி, தோட்ட வேலை: நேத்து காகிதப்பூச் செடி வெட்டும்போது ஆள்காட்டி விரல்ல குத்துச்சு. இன்னைக்கு விரல் முழுசும் வீங்கி மடங்கியே இருக்கு. நாளைக்கு டாக்டரைப் பார்க்கட்டுமா?

நாளைக்கு இல்லைங்க, இப்பவே கிளம்புங்க. விரல் நுனியில இருந்து அடி வரைக்கும் ஒரே சீரா வீங்கியிருக்கா? லேசா மடங்கின நிலையிலதான் இருக்கா? உள்ளங்கைப் பக்கம் விரல் நெடுக அழுத்தினா வலிக்குதா? இன்னொருத்தர் மெதுவா நிமிர்த்தினா உயிர் போகுதா? இது நாலும் இருந்தா, விரலை மடக்கற தசைநாணோட உறைக்குள்ள சீழ் ஏறியிருக்கு. உறைக்குள்ள இடம் கிடையாது. சீழ் அழுத்தி நாணுக்கு ரத்தம் நின்னு போச்சுன்னா விரல் ஆயுசுக்கும் மடங்காது. மாத்திரைக்கு இது அடங்காம ஆபரேஷன்ல கழுவி விட வேண்டி வரலாம். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில கைக்குன்னே தனி அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கு. மோதிரம் போட்டிருந்தா இப்பவே கழட்டுங்க, கையை நெஞ்சுக்கு மேல தூக்கி வெச்சுக்கிட்டே போங்க. வழியில எதுவும் சாப்பிடாதீங்க, மயக்கம் கொடுக்க வேண்டி வரலாம்.

மத்தவங்களுக்கும் சொல்றேன். குத்தின 1ல இருந்து 3 நாளுக்குள்ள தோல் சிவந்து சூடா இருந்தா, சிவப்போட ஓரத்துல பேனாவால கோடு போட்டு மணியையும் எழுதி வைங்க. சில மணி நேரத்துல சிவப்பு கோட்டைத் தாண்டினாலோ, கையில சிவப்பு வரி மேல ஏறினாலோ, அக்குள்ல நெறி கட்டிக் குளிர் காய்ச்சல் வந்தாலோ அன்னைக்கே ஆஸ்பத்திரி.

மாதவரம்: முட்டியில ஈச்ச முள்ளு குத்தி 3 வாரம் ஆச்சு. எக்ஸ்ரேயில ஒண்ணும் இல்லைங்கறாங்க. முட்டி வீங்குது, வடியுது, திரும்ப வீங்குது.

எக்ஸ்ரேயில மரம் தெரியாது. ஆணி தெரியும், கண்ணாடி பெரும்பாலும் தெரியும், முள்ளு தெரியாது. அதனால எக்ஸ்ரே நல்லா இருக்குன்னா முள்ளு இல்லைன்னு ஆகாது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எழுதிக் கேளுங்க, தேவைப்பட்டா எம்.ஆர்.ஐ. மூட்டு உறைக்குள்ள தூள் மாதிரி முள்ளு கிடந்தாலே இப்படி வந்து வந்து போகும். மாத்திரையில இறங்கி, நிறுத்தினதும் திரும்ப வரும். முள்ளை எடுத்தாத்தான் தீரும். மூட்டு நீரை எடுத்தா கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்க. செடியில வாழற பான்டோயா அக்ளோமெரான்ஸ்ங்கற கிருமி இதுல அடிக்கடி தென்படும். முக்கியமா, 3 வாரத்துக்கு முன்னாடி முள்ளு குத்தினதை நீங்களே சொல்லணும். சொல்லலைன்னா வாதம்னு வைத்தியம் நடக்கும்.

பெரம்பூர்: முழங்கையில குத்தின இடத்துல புண்ணு, அதுக்கு மேல வரிசையா 4 கட்டி. வலி இல்லை. ஆன்டிபயாட்டிக் கேட்கலை.

மணி கோத்த மாதிரி வரிசையா ஏறுதுன்னா ஸ்போரோட்ரிகோசிஸ்ங்கற பூஞ்சை நோயா இருக்கலாம். வாரக்கணக்குல வரும். ரோஜா முள், வைக்கோல், மரப்பட்டை வழியா ஏறும். காசநோயோட உறவுக் கிருமிங்களும் இதே மாதிரி கட்டி கட்டியா காட்டும். அதனால சதைத் துண்டு எடுத்துப் பூஞ்சைக்கும் கிருமிக்கும் தனித்தனியா சோதிக்கணும். பூஞ்சைன்னு உறுதியானா இட்ராகோனசோல் 3 மாசத்துல இருந்து 6 மாசம் வரைக்கும் ஓடும். புண்ணு ஆறினதும் பாதியில நிறுத்தக் கூடாது.

புழல்: அப்பாவுக்குப் பாதத்துல வருஷக்கணக்கா வலியில்லாத வீக்கம். சின்னச் சின்ன ஓட்டை, கறுப்பா மணல் மாதிரி வருது.

அந்த மணல்தான் நோயைக் காட்டிக் கொடுக்குது. மைசெட்டோமா, நம்ம ஊர்ல மதுரைக்கால் நோய்னு சொல்றது. 1842லயே மதுரையில கண்டு எழுதின வியாதி. வெறுங்கால்ல முள்ளு குத்தி, மண்ணுல இருக்கிற பூஞ்சையோ பாக்டீரியாவோ ஏறி, மெல்ல மெல்ல எலும்பைத் தின்னும். கறுப்பு மணின்னா பெரும்பாலும் பூஞ்சை. சிவப்பு மணின்னா பாக்டீரியா, அதுக்கு மருந்து நல்லா பிடிக்கும். வெள்ளை, மஞ்சள் மணி ரெண்டுல எதுவும் இருக்கலாம். கழுவித் துடைக்காம, அந்த மணியோட, கட்டுத் துணியோடவே அப்பாவைக் கூட்டிக்கிட்டுப் போங்க. வலி இல்லைன்னு இத்தனை வருஷம் விட்டது போதும், கால் பிழைக்கணும்.

மணலி: எனக்கு சுகர் இருக்கு, மழைத் தண்ணியிலயும் நின்னு வெட்டறேன்.

பாதம் மரத்துப் போயிருந்தா குத்தினதே தெரியாது. தினமும் ராத்திரி உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் கண்ணாடி வெச்சுப் பாருங்க, செருப்புக்குள்ள கையை விட்டுத் தடவிப் பாருங்க. முள்ளு இருந்தா வீட்டுல யாரும் எடுக்க வேணாம். மழைக்காலத்துல மண்ணுலயும் தேங்கின தண்ணியிலயும் இருந்து மெலியாய்டோசிஸ்ங்கற நோயோட கிருமி காயம் வழியா ஏறும், அதிகம் தாக்கறது சர்க்கரை நோயாளிங்களைத்தான். எலிக்காய்ச்சலும் இதே தண்ணியில வரும். காயத்துக்கப்புறம் காய்ச்சல் நிக்கலைன்னா, தண்ணியில நின்னு வேலை செஞ்சதையும் சுகரையும் டாக்டர்கிட்ட சேர்த்துச் சொல்லுங்க.

தண்டையார்பேட்டை: கிளை அடிச்சுக் கண்ணுல முள்ளு பட்டுச்சு. உறுத்தல்தான். கடையில சொட்டு மருந்து வாங்கலாமா?

வேணாம். கடையில கொடுக்கிற பல சொட்டு மருந்துல ஸ்டீராய்டு இருக்கும். சிவப்பும் உறுத்தலும் அடங்கின மாதிரி இருக்கும், அடியில பூஞ்சை வளர்ந்துக்கிட்டே போகும். தென்னிந்தியாவுல செடி பட்ட கண்ணுப் புண்ணுக்கு ஃபியூசேரியம் பூஞ்சை முக்கியக் காரணம். கண்ணுல பூ விழறது இப்படித்தான். தாய்ப்பாலும் ஊத்தாதீங்க. முள்ளு சொருகி நின்னா பிடுங்காம, அழுத்தாம, காகிதக் கப்பைக் கண்ணு மேல கவிழ்த்து ஒட்டிக்கிட்டு எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குப் போங்க. வெறும் உறுத்தலா இருந்தாலும் இன்னைக்கே காட்டுங்க. செடி பட்டதுன்னு சொன்னாத்தான் சுரண்டிப் பூஞ்சை சோதனை செய்வாங்க.

கொடுங்கையூர் அக்கா மறுபடி: வீட்டுக்காரருக்குக் கட்டை விரல்ல நுனி உள்ள நிக்குது, 2 நாளாச்சு. வலி, வீக்கம் இல்லை. போகணுமா?

கட்டை விரல்ல எங்கேன்னு பார்க்கணும் அக்கா. மூட்டு மேலயோ, உள்ளங்கைப் பக்கமோ இருந்தா வலி இல்லாட்டியும் காட்டி எடுத்துடுங்க. நகத்துக்குப் பின்னால மேல் தோல்லயே கறுப்பா தெரிஞ்சு, அழுத்தினாலும் வலிக்கலைன்னா, அவருக்கு சுகரும் இல்லைன்னா, தினம் 2 வேளை சோப்பால கழுவிக்கிட்டுச் சில நாள் பார்க்கலாம், சிலது தானா மேல வந்துடும். சிவந்தாலோ வலி ஏறினாலோ அன்னைக்கே கிளம்புங்க. ஊசி அட்டை இல்லைன்னா அதுக்குக் காத்திருக்க வேணாம், தடுப்பூசியை இன்னைக்கே போட்டுடுங்க. குத்தின தேதியைக் காலண்டர்ல வட்டம் போட்டு வைங்க.