கப்பல மறிக்கலாம், கஞ்சிய மறிக்கலாமா? கடல் முற்றுகை பத்தி கேள்வி பதில்

கொல்லங்கோடு, களியக்காவிளை, பொழியூர் பக்கத்து ஆளுங்க நிறைய பேரு கடல் முற்றுகை பத்தியும் நிவாரணக் கப்பல் பத்தியும் கேட்டிருந்தீங்க. நான் 31 வருஷம் சரக்குக் கப்பல்ல ஓடி சீஃப் ஆபீசரா இறங்கினவன். ஏமன் பக்கம் கோதுமைய வச்சுக்கிட்டு காத்துக் கிடந்த அனுபவத்துக்கு அப்புறம்தான் இந்தச் சட்டத்தையெல்லாம் தேடித் தேடி படிச்சேன். தெரிஞ்சத சொல்றேன்.

நீரோடி, வள்ளக்காரர்: அண்ணே, ஒரு நாட்டோட கடல நேவி வந்து மறிக்கறதே தப்புதானே?

மறிக்கறது மட்டுமே தப்பில்ல மக்கா. ரெண்டு நாட்டுக்கு நடுவுல போர்னா முற்றுகைய சட்டம் ஒத்துக்குது. ஆனா நிபந்தனை இருக்கு. சும்மா அறிக்கை விட்டா போதாது, நெசமாவே கப்பல நிறுத்தி மறிக்கணும்னு 1856 பாரிஸ் பிரகடனத்துலயே எழுதியாச்சு. 1994ல நிபுணர்கள் சேர்ந்து எழுதின சான் ரெமோ கையேடுன்னு ஒண்ணு இருக்கு, அது ஒப்பந்தம் இல்ல, ஆனா பல நாட்டு நேவியும் அதத்தான் புரட்டிப் பாக்கும். என்னைக்கு ஆரம்பம், எதுவரைக்கும் எல்லைன்னு எல்லாருக்கும் சொல்லணும், உள்ள மாட்டின, சண்டைல இல்லாத நாட்டுக் கப்பல் வெளிய போக டைம் குடுக்கணும், எந்தக் கொடின்னு பாத்து ஒருத்தன விட்டு ஒருத்தன பிடிக்கக் கூடாது, பக்கத்துல சண்டைல இல்லாத நாட்டோட துறைமுகத்த அடைக்கக் கூடாது. இதுக்கெல்லாம் மேல, சனங்கள பட்டினி போடறதுதான் ஒரே நோக்கம்னா அந்த முற்றுகையே செல்லாது. ராணுவ லாபத்தோட ஒப்பிட்டா சனங்களுக்கு வர்ற கேடு அளவுக்கு மிஞ்சிப் போகும்னாலும் செல்லாது.

பாறசாலை, டீச்சர்: அப்போ சாப்பாடு, மருந்து ஏத்தின கப்பல நிறுத்தலாமா கூடாதா? தெளிவா சொல்லுங்க சார்.

நிறுத்தலாம் டீச்சர், சோதனை போடலாம், ஆனா சனங்களுக்கு சோறு தட்டுப்பாடுன்னா சோதிச்சிட்டு விட்டே ஆகணும். நம்ம களியக்காவிளை செக்போஸ்ட்ட நெனச்சுக்குங்க, லாரிய ஓரங்கட்டி பில்லு பாத்து தார்ப்பாய தூக்கிப் பாக்கறதுல யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க, ஆனா உள்ள இருக்கறது பால்னு தெரிஞ்ச பெறகும் ரெண்டு நாள் நிக்க வச்சா அதுக்குப் பேரு சோதனை இல்ல. 1949 நாலாவது ஜெனீவா ஒப்பந்தத்துல 23ஆவது பிரிவு மருந்துக்கும், 15 வயசுக்கு கீழ உள்ள பிள்ளைங்க, கர்ப்பிணிங்க, பிரசவமான பொம்பளைங்களோட சாப்பாடு துணிமணிக்கும் வழி விடச் சொல்லுது. அந்த ஒப்பந்தத்தோட சேத்த 1977 கூடுதல் நெறிமுறை இன்னும் ஒரு படி மேல போயி பட்டினிய போர் ஆயுதமா ஆக்கறதையே தடை பண்ணிச்சு, சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்துக்கான 1998 ரோம் சட்டத்துல அது போர்க்குற்றம்.

எனக்க மனசுல உறுத்தற இடம் எதுன்னா, தட்டுப்பாடா இல்லையான்னு யார் முடிவு பண்றது? மறிக்கறவனே “உள்ள போதுமான அளவு இருக்கு”ன்னு சொல்லிட்டா அந்தக் கதவு அங்கயே மூடிப் போச்சு. சோதனைய எத்தன நாளுக்குள்ள முடிக்கணும்னும் எழுதல. அங்கதான் கொல்றாங்க.

பொழியூர்: மாமா, நீங்க நேர்ல பாத்தத சொல்லுங்க.

2017 நவம்பர். ஏமன்ல இருந்து ரியாத் பக்கமா ஏவுகணை விட்டாங்க, அதுக்குப் பதிலா சவுதி கூட்டணி நவம்பர் 6ஆம் தேதி ஏமனோட எல்லா துறைமுகத்தையும் அடைச்சுட்டாங்க. அந்த நாட்டு கோதுமைல 90 சதவீதம் வெளிய இருந்து வர்றது, அதுல முக்கால்வாசி ஹொடெய்டா துறைமுகம் வழியாத்தான் போகணும். எங்க கப்பல்ல கோதுமை. ஏஜென்ட் மூலமா ஐநா சோதனை அமைப்பு கிட்ட அனுமதி வாங்கியாச்சு, அது 2016ல இருந்து ஜிபூட்டில நடக்குது, பேப்பர்லாம் சுத்தம். ஆனா கூட்டணி நேவி “போ”ன்னு ஒரு வார்த்த சொல்லணும், அந்த வார்த்த வரல. செங்கடல்ல நங்கூரம் போட்டு கிடந்தோம், தெனம் காலைல ஹேட்ச், அதாவது சரக்கு அறை மூடி, அத சுத்தி நடந்து கோதுமைக்கு சூடு பிடிக்குதான்னு பாப்பேன், வண்டு வைக்குதான்னு பாப்பேன், குடிதண்ணிய அளந்து குடுத்தோம். வானம் தெளிஞ்ச நாள்ல அந்தக் கர மங்கலா தெரியும், அங்க பிள்ளைங்க எலும்பும் தோலுமா கிடக்குதுன்னு போன்ல படம் வருது, எனக்க காலுக்கு கீழ ஆயிரக்கணக்கான டன் கோதுமை.

நிவாரணத்துக்கு துறைமுகத்த திறக்கறோம்னு ரெண்டு வாரம் கழிச்சு சொன்னாங்க, அப்பவும் வரிசைல எங்க முறை வரல. அதுக்குள்ள நவம்பர் 30, ஒக்கி புயல். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைன்னு நம்ம கடப்புறத்து பேரா நியூஸ்ல வருது, நான் அங்க கிடக்கேன், யாருக்கும் எதுவும் செய்ய முடியல. கடைசில உள்ள போனப்போ இன்னொரு கொடும, அந்தத் துறைமுகத்து கிரேன்கள 2015 ஆகஸ்ட்லயே குண்டு போட்டு உடைச்சிருந்தாங்க. கப்பலோட சொந்த கிரேன வச்சு இறக்கினோம், நாள் கணக்கா ஆச்சு. உலக உணவுத் திட்டம் மாத்து கிரேன் கொண்டு வந்தப்போ அதையும் ஒரு தடவ திருப்பி அனுப்பினாங்க, 2018 ஜனவரிலதான் நாலு கிரேன் வந்து இறங்கிச்சு.

ஊரம்பு: 1987ல ராமேஸ்வரத்துல இருந்து யாழ்ப்பாணத்துக்கு படகு போச்சே, அதுவும் முற்றுகைய உடைச்சதா?

ஜூன் 3ஆம் தேதி அரிசி, மருந்து எல்லாம் ஏத்தி 19 படகு போச்சு, இலங்கை நேவி கடல் எல்லைல மறிச்சு திருப்பி விட்டாங்க. மறுநாள் பெங்களூர்ல இருந்து அஞ்சு ஏ.என்-32 விமானம், மிராஜ் காவலோட போயி சுமார் 25 டன் சாமான யாழ்ப்பாணத்துல போட்டுச்சு, பூமாலைன்னு பேரு. சட்டக் கணக்குல அது நான் மேல சொன்ன முற்றுகை இல்ல, ஏன்னா அது உள்நாட்டுப் போர், அரசாங்கம் தன்னோட கடல்ன்னு சொல்லித்தான் மறிச்சுது. ஆனா பட்டினி போடக் கூடாதுங்கறது உள்நாட்டுப் போருக்கும் பொருந்தும். 2019ல ரோம் சட்டத்துல அதையும் சேத்திருக்காங்க, ஒத்துக்கிட்ட நாடுகளுக்கு மட்டும்தான் அது.

2009ல நடந்தத நம்மாளுங்க மறக்கக் கூடாது. பிப்ரவரில இருந்து மே வரைக்கும் செஞ்சிலுவைச் சங்கம் அமர்த்தின கப்பல் புதுமாத்தளன் கரைக்கு வெளிய நிக்கும், கரைல இருந்து சின்னப் படகுல காயம்பட்டவங்கள கொண்டு வந்து ஏத்துவாங்க. கிட்டத்தட்ட 14 ஆயிரம் பேர, காயம்பட்டவங்களும் கூட வந்தவங்களுமா, அப்படித்தான் வெளிய கொண்டு வந்தாங்க. ரெண்டு பக்கமும் சரின்னு சொன்ன நாள்ல மட்டும்தான் கப்பல் கரைய நெருங்க முடியும்.

செங்கோட்டை, காலேஜ் பையன்: அண்ணா, காசாவுக்கு போன நிவாரணக் கப்பல மறிச்சது சட்டப்படி சரியா?

இஸ்ரேல் முற்றுகைய அறிவிச்சது 2009 ஜனவரில. 2010 மே 31ல மாவி மர்மாரா கப்பல்ல ஏறி 9 பேர கொன்னாங்க, கோமால கிடந்த இன்னொருத்தர் 2014ல இறந்தாரு. ஐநா மனித உரிமைக் கவுன்சில் அனுப்பின குழு முற்றுகையே சட்டவிரோதம்னு சொல்லிச்சு. ஐநா பொதுச்செயலாளர் போட்ட பாமர் குழு 2011ல முற்றுகை செல்லும், ஆனா அளவு மீறி அடிச்சாங்கன்னு சொல்லிச்சு. எனக்க கருத்து முதல் குழு பக்கம்தான் தம்பி. தரை வழியையும் சேத்து அடைச்சு வச்சுக்கிட்டு கடல மட்டும் தனியா எடுத்து செல்லுமான்னு பாக்கறது நியாயமா படல.

அதே பையன்: அப்போ கடல் வழியா பாலம் போட்டு குடுத்தா போதாதா?

2024ல அமெரிக்கா மிதக்கும் பாலம் போட்டு பாத்துச்சு. அலைல உடைஞ்சுது, கழட்டி மாட்டி, மொத்தம் 20 நாள் சொச்சம்தான் வேல செஞ்சுது, சுமார் 9 ஆயிரம் டன் இறங்கிச்சு. போருக்கு முன்னாடி தெனம் 500 லாரி தரை வழியா போன இடம் அது. ரோட்ட திறக்கறதுதான் வழி.

கோழிஞ்சாம்பாறை: நல்லபடியா நடந்த கத ஒண்ணாவது இருக்கா சார்?

இருக்கு. ரெண்டாம் உலகப் போர்ல ஜெர்மனி கிரீச பிடிச்சுது, பிரிட்டன் கடல அடைச்சுது, 1941 குளிர்காலத்துல சனம் பட்டினில செத்துச்சு. துருக்கில இருந்து குர்துலுஷ்ங்கற கப்பல் சோறு கொண்டு போச்சு, 1942 ஜனவரில அது மூழ்கிப் போச்சு, வேற கப்பல் விட்டாங்க. அப்புறம் பிரிட்டன் இறங்கி வந்து, ஸ்வீடன் கப்பல்ல மாசம் 15 ஆயிரம் டன் கனடா கோதுமை, பங்கு போடறது செஞ்சிலுவைன்னு ஒத்துக்கிட்டாங்க. 2022 ஜூலைல கருங்கடல் தானிய ஒப்பந்தமும் அதே மாதிரிதான், இஸ்தான்புல்ல உக்ரைன், ரஷ்யா, துருக்கி, ஐநா நாலு பேரும் சேர்ந்து சோதனை போட்டாங்க, ஒரு வருஷத்துல கிட்டத்தட்ட 3.3 கோடி டன் வெளிய போச்சு, ரஷ்யா விலகினதும் நின்னு போச்சு. ரெண்டுலயும் பாருங்க, மறிக்கறவன் தனியா சோதிக்கல, பங்கு போடறதோ சோதிக்கறதோ நடுவுல இன்னொருத்தர் கைல இருந்துச்சு.

வள்ளவிளை, ஒரு அம்மா: எனக்க மகன் கப்பல்ல ஏறப் போறான். அந்த மாதிரி இடத்துக்கு போகச் சொன்னா மாட்டேன்னு சொல்லலாமா?

சொல்லலாம்மா. ஐபிஎஃப் ஒப்பந்தம், அதாவது கப்பல் தொழிலாளர் சங்கமும் கப்பல் கம்பெனிகளும் பேசிப் போட்ட ஒப்பந்தம், உள்ள கப்பல்னா, போர்ப் பகுதின்னு அவங்க பட்டியல்ல இருக்கற இடத்துக்கு வர மாட்டேன்னு சொல்ற உரிமை அவனுக்கு இருக்கு, கம்பெனி செலவுல ஊருக்கு அனுப்பணும், வேலைய விட்டு தூக்கக் கூடாது. போனா அடிப்படை சம்பளத்துக்கு சமமா போனஸ், செத்தாலோ ஊனமானாலோ இழப்பீடு ரெட்டிப்பு. ஆனா எல்லா கப்பல்லயும் அந்த ஒப்பந்தம் கிடையாது, அதனால கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அந்தக் காகிதத்த போட்டோ எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்க, நான் வாசிச்சு சொல்றேன்.