லெட்ரோசோல் தொடங்கியபின் உறவில் எரிவு: களுவாஞ்சிக்குடித் தங்கச்சிக்கு

மார்புப் புற்றுநோய்க்கு லெட்ரோசோல் குளிசை தொடங்கியபின் உறவில் எரிகிறது, ஆசையே செத்துப்போச்சோ என்று கேட்டிருந்தீர்கள். ஆசை செத்துப்போகவில்லை தங்கச்சி. லெட்ரோசோல் பெண் ஹோர்மோனான ஈஸ்ட்ரோஜனைக் குறைப்பதால் பிறப்புறுப்புத் தோல் மெலிந்து காய்கிறது, அதுதான் எரிவு. ‘என்னில விருப்பமில்லை’ என்று கோவிக்கிற உங்கள் கணவருக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.

உறவின்போது தண்ணீர் அடிப்படையிலான ஜெல், இருவருக்கும் தாராளமாக. அது அந்த நேரத்துக்கு மட்டும்தான். வறட்சிக்கு, ஈரப்பதம் காக்கும் யோனி மொய்ஸ்சரைசர் தனி: கிழமைக்கு 2–3 இரவு, சில கிழமை விடாமல். சோப்பு, டெட்டோல் போட்டுக் கழுவுவதை நிறுத்துங்கள். தேங்காயெண்ணெய் ஆணுறையைப் பழுதாக்கும்.

விரல் நுனியில் ஜெல் பூசி யோனி வாசலில் மெல்ல அழுத்திப் பாருங்கள். அங்கேயே எரிந்தால் பெரும்பாலும் வறட்சி. ஆழத்தில் வலித்தாலோ இரத்தம் பட்டாலோ பெண்ணோயியல் டொக்டரிடம் காட்டவேண்டும்.

ஈஸ்ட்ரோஜன் கிரீம் யார் தந்தாலும், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைப் புற்றுநோய்க் கிளினிக்கில் கேட்காமல் பூசாதீர்கள். குளிசையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.