தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிடாதீர்கள்

கேள்வி: வணக்கம் டாக்டர். எங்கள் வீட்டுப் பூனை கருப்பனுக்கு 14 வயது. இரண்டு மாதமாகக் கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் குடிக்கிறான், அவன் மூத்திரம் போகிற மண் தட்டு தினமும் நனைந்து கட்டியாகக் கிடக்கிறது. 4.2 கிலோ இருந்தவன் இப்போது 3.3. பிளட் டெஸ்ட்டில் கிரியேட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவாம்) 3.4, கிட்னி போய்விட்டது என்றார்கள். கிட்னிக்கென்று விற்கிற தீவனத்தை வாங்கி வைத்தால் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறான். "இரண்டு நாள் பட்டினி போடு, தானாகத் தின்னும்" என்கிறார் மாமியார். தண்ணீரைக் குறைத்தால் மூத்திரமும் குறையும் என்கிறார்கள். டயாலிசிஸ் செய்ய முடியுமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: பட்டினி மட்டும் வேண்டாம் அம்மா. நாய் இரண்டு நாள் தாங்கும். பூனை இரண்டு மூன்று நாள் தின்னாமல் கிடந்தால் உடம்புக் கொழுப்பு கரைந்து ஈரலில் போய்ச் சேர்ந்து அதையும் கெடுத்துவிடும், அப்புறம் கிட்னியைப் பார்ப்பதா ஈரலைப் பார்ப்பதா என்று நாமே திண்டாட வேண்டியதுதான்.

தண்ணீர் விஷயத்தில் உங்கள் வீட்டார் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அவன் நிறையக் குடிப்பதால்தான் நிறைய மூத்திரம் போகிறான் என்பதில்லை. போய்க்கொண்டே இருப்பதால் குடிக்கிறான். பூனையின் முன்னோர்கள் வறண்ட பூமியில் பிழைத்தவர்கள், சொட்டு நீரையும் வீணாக்காமல் மூத்திரத்தைக் கெட்டியாக்குகிற கிட்னி அதற்கு. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கெட்டதும் அந்தத் திறமை போய்விடும். கிரியேட்டினின் ஏறுவதற்குள் முக்கால் பங்கு போயிருக்கும். அதனால் இது இரண்டு மாத வியாதி இல்லை. கிண்ணத்தை எடுத்தால் ஒரே நாளில் வற்றிப்போவான். வீட்டில் மூன்று நான்கு இடத்தில் அகலமான கிண்ணம் வையுங்கள், சோற்றுத் தட்டுக்கும் மண் தட்டுக்கும் தள்ளி.

கிரியேட்டினின் 3.4 என்பது கிட்னி வியாதியின் நான்கு நிலைகளில் மூன்றாவது (2.9 முதல் 5 வரை). ஆனால் டெஸ்ட் எடுத்த அன்று உடம்பில் நீர் வற்றியிருந்தால் எண் கூடுதலாகக் காட்டும். டிரிப்ஸ் போட்டு நாலு நாள் கழித்து மறுபடி பாருங்கள். இந்த நிலையில் பிடிபட்டு இரண்டு வருடத்துக்கு மேல் ஓட்டிய பூனைகள் என்னிடமே உண்டு. டயாலிசிஸ் பெரும்பாலும் விஷம் போல ஏதோ ஒன்றால் திடீரென்று கிட்னி நின்றுபோனவற்றுக்குத்தான், வயதான பூனைக்கு அதைத் தேடி அலைய வேண்டாம்.

சரி, சாப்பாடு. முகர்ந்துவிட்டுப் போகிறான் என்றால் அது பிடிவாதம் இல்லாமல் குமட்டலாக இருக்கலாம். உதட்டை நக்குகிறானா, வாயில் நாற்றமா, எச்சில் ஒழுகுகிறதா? முதலில் குமட்டலுக்கு மருந்து கேளுங்கள். குமட்டுகிற நேரத்தில் புதுத் தீவனத்தை வைத்தால் அதை ஜென்மத்துக்கும் வெறுத்துவிடும். பழைய சாப்பாட்டில் ஒரு ஸ்பூன் கலந்து, லேசாகச் சூடு காட்டி, மூன்று நான்கு வாரத்தில் மெல்ல மாற்றுங்கள். கிட்னித் தீவனத்தின் சூட்சுமம், கெட்ட கிட்னியால் சரியாக வெளியேற்ற முடியாத பாஸ்பரஸ் என்ற தாதுவைக் குறைப்பது. அதனால் முள்ளோடு நெத்திலி, மீன் தலை எல்லாம் நிறுத்துங்கள், கருவாடு உப்புக்காகவே வேண்டாம். வெங்காயம் பூண்டு போட்ட குழம்பு எந்தப் பூனைக்கும் ஆகாது. எவ்வளவு செய்தும் தொடவில்லையா, முள் எடுத்த மீனோ வேகவைத்த கோழியோ கொடுத்துவிட்டு, பாஸ்பரஸைப் பிடித்து வெளியேற்றும் மருந்தை டாக்டரிடம் எழுதி வாங்கி அதில் கலந்துவிடுங்கள். பட்டினிக்கு அது எவ்வளவோ மேல்.

தோலுக்கடியில் டிரிப்ஸ் போடுவதை நீங்களே கற்றுக்கொள்ளலாம். தோள்பட்டைக்கு நடுவே தோலைத் தூக்கினால் கூடாரம் போல வரும், அதற்குள் ஊசி. இந்த எடைக்கு வழக்கமாக 100 மில்லி ரிங்கர் லாக்டேட் (டிரிப்ஸுக்கான உப்புக் கரைசல்), தினமுமா ஒன்றுவிட்டு ஒருநாளா என்பதை இதயத்தைச் சோதித்த பிறகு டாக்டர் சொல்வார். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து எடுத்தால் சிலிர்த்துக்கொள்ள மாட்டான். முன்னங்காலில் நீர் இறங்கி வீங்கினால் பதற வேண்டாம், சில மணி நேரத்தில் வடியும். கடையில் டெக்ஸ்ட்ரோஸ் என்கிற சர்க்கரைக் கரைசல் பாட்டிலை மாற்றித் தருவார்கள், வாங்காதீர்கள்.

பிரஷர் பார்த்தார்களா? பல இடத்தில் பார்ப்பதே இல்லை. பிரஷர் ஏறினால் திடீரென்று கண் தெரியாமல் சுவரில் முட்டும். மருந்து நம் பெரியவர்கள் போடும் அதே அம்லோடிபின்தான், அளவுதான் துளியூண்டு, நீங்களாக உடைத்துப் போட்டுவிடாதீர்கள். பாராசிட்டமாலை எடுக்கவே எடுக்காதீர்கள், பாதி மாத்திரையே பூனையைக் கொல்லும்.

கேள்வி: கல்யாண வீட்டிலிருந்து லில்லிப் பூங்கொத்து வந்தது, பூனை ஒரு இதழைக் கடித்துவிட்டது. நன்றாகத்தான் விளையாடுகிறது, இருந்தாலும் பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகர், கோவை

பதில்: இதைப் படித்துக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள். லில்லியின் இதழ், இலை, ரோமத்தில் ஒட்டிய மகரந்தம், ஜாடித் தண்ணீர் எல்லாமே பூனையின் கிட்னிக்கு விஷம், ஓரிரு நாளில் நின்றுபோகும். முதல் சில மணி நேரம் விளையாடத்தான் செய்யும். அதற்குள் டிரிப்ஸ் ஏற்றினால் பிழைக்க வாய்ப்பு அதிகம். பூவையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள்.